பெண்கள் பிரிவு எதற்கு, பொதுப் பிரிவு யாருக்கு? மின்விளையாட்டில் ஆண் பெண் பிரிவினை பற்றி ஒரு விளக்கம்

பினாங்கின் பிறை நகரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. நான்காம் படிவத்தில் படிக்கும் அவருடைய மகள், பள்ளித் தோழர்கள் மூவரும் தோழி ஒருத்தியும் சேர்ந்த குழுவில் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி ஆட்டத்தை ஆடுகிறாள். பினாங்கில் ஒரு பேரங்காடியில் நடக்கவிருந்த போட்டிக்கு அந்தக் குழு பெயர் கொடுக்கப் போனபோது, போட்டி ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என இரு பிரிவாக நடப்பதால் கலப்புக் குழுவை ஏற்க முடியாது என்று ஏற்பாட்டாளர் கையை விரித்துவிட்டார். ஓட்டப் பந்தயம் என்றால் புரிகிறது, உட்கார்ந்த இடத்தில் கைப்பேசியில் ஆடும் ஆட்டத்தில் இந்தப் பிரிவினை எதற்கு, பெண்கள் பிரிவே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்கிறார்.

கோலாலம்பூரில் இத்தகைய போட்டிகளுக்கு நடுவராக இருந்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்விளையாட்டில் ‘ஆண்கள் பிரிவு’ என ஒன்று இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ‘பெண்கள் பிரிவு’ என ஒன்று இருப்பதற்கு, இன்றைய நிலையில், நல்ல நியாயம் உண்டு. ஒன்றை மறுத்து மற்றொன்றை ஏற்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் பெண்கள் பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிரிவு எல்லாருக்கும் திறந்த பொதுப் பிரிவாக இருந்தால், அதில் உங்கள் மகளும் அவளுடைய தோழர்களும் சேர்ந்தே ஆடலாம். அதே பிரிவுக்கு ‘ஆண்கள்’ என்று பெயர் வைத்துவிட்டால், யாரோ ஒருவருக்கு உதவி செய்வதற்காகத் தொடங்கிய ஏற்பாடு அவரையே வெளியே நிறுத்தும் ஏற்பாடாக மாறிவிடுகிறது. உங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இந்த வேறுபாடு உலக அளவில் ஒருமுறை வெளிப்படையாகவே சண்டைக்கு வந்து தீர்ந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டில், அப்போது தென்கொரியாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அனைத்துலக மின்விளையாட்டுச் சம்மேளனம் அஜர்பைஜானின் பாக்கு நகரில் உலகப் போட்டியை நடத்தத் திட்டமிட்டிருந்தது. அதற்கான தேர்வாட்டம் ஒன்று பின்லாந்தின் அசெம்பிளி என்ற கணினி விழாவில் நடைபெறவிருந்தது. ஆட்டம் ஹார்த்ஸ்டோன், திரையில் ஆடும் ஒருவகைச் சீட்டாட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேர்வாட்டத்தில் ஆண்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று விதியில் எழுதியிருந்தது. டோட்டா 2, ஹார்த்ஸ்டோன் போன்றவை ஆண்களுக்கு என்றும், ஸ்டார்கிராஃப்ட் 2 பெண்களுக்கும் உண்டு, டெக்கன் பெண்களுக்கு மட்டும் என்றும் சம்மேளனம் ஆட்டங்களையே பங்கு போட்டு வைத்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சம்மேளனம் சொன்ன விளக்கம், மின்விளையாட்டையும் உண்மையான விளையாட்டாக அனைத்துலக அமைப்புகள் ஏற்க வேண்டுமானால் மற்ற விளையாட்டுகளின் நடைமுறையைப் பின்பற்ற வேண்டும் என்பது. சதுரங்கத்தையும் உதாரணம் காட்டியது. சதுரங்கத்தில் இருப்பதோ பொதுப் பிரிவும் பெண்கள் பிரிவும்தான். ஹங்கேரியின் ஜூடித் போல்கார் மகளிர் உலகப் பட்டத்துக்குப் போட்டியிடாமலே, பொதுத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை ஏறியவர். சில நாட்களுக்குள் சம்மேளனம் பின்வாங்கி, அனைவருக்கும் திறந்த பிரிவு ஒன்று, பெண்களுக்கு மட்டுமான பிரிவு ஒன்று என்று விதியை மாற்றி அறிவித்தது.

அப்படித் தீர்ந்த விவகாரம் நம் வட்டாரத்தில் மீண்டும் தலைதூக்கியதற்குக் காரணம், பதக்கப் பட்டியலில் இடம் பிடிக்கும் ஆசை என்றே நான் நினைக்கிறேன். சீ எனப்படும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு 2019இல் பிலிப்பீன்ஸில் முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. அடுத்து ஹனோயில் வைல்ட் ரிஃப்டும், 2023இல் கம்போடியாவில் மொபைல் லெஜண்ட்ஸும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று நடந்தன. பல விளையாட்டுகள் கூடும் மேடையில் எந்த விளையாட்டுக்கும் ஆண்கள், பெண்கள் என்ற இரண்டு கட்டங்கள் அச்சடித்துத் தயாராக இருக்கும். அவற்றை நிரப்புவது அதிகாரிகளுக்கு எளிது, பதக்கமும் இரட்டிப்பாகும். ஆயினும் அதே 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுப் பிரிவுகள் பால் வேறுபாடின்றித் திறந்தே இருந்தன. மலேசியா அந்த ஆண்டு இரு மேடைகளிலும் வெள்ளிப் பதக்கம் வென்றது: கம்போடியாவில் ஆண்கள் மொபைல் லெஜண்ட்ஸில் பிலிப்பீன்ஸிடம் தோற்று, ஹாங்சோவில் அரினா ஆஃப் வேலரில் சீனாவிடம் தோற்று. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே வகை ஆட்டம். விதி மட்டும் வேறு. ஆகவே இப்படித்தான் நடத்த வேண்டும் என்று அனைத்துலக விதி இருக்கிறது என்று உள்ளூர் ஏற்பாட்டாளர் யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

இனி, உடல் பற்றிய கேள்வி. பினாங்கு மண்ணில் பிறந்த நிக்கோல் டேவிட் எட்டு முறை ஸ்குவாஷ் உலக வெற்றியாளரானவர். அவர் ஆண்களோடு மோதியிருக்க வேண்டும் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. வேகம், தசை வலிமை, மூச்சுத் திறன் ஆகியவை ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் விளையாட்டில் தனிப் பிரிவு இல்லாவிட்டால் அவரைப் போன்ற ஒருவரை உலகம் பார்த்தே இருக்காது. அங்கே தனிப் பிரிவு மட்டமான பிரிவும் அல்ல. 2013இல் அமெரிக்கப் பொது ஸ்குவாஷ் போட்டியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத் தொகை வழங்கப்பட்டபோது மகளிர் பட்டத்தை வென்றவர் அவரே. மறுபக்கம் துப்பாக்கி சுடுதலைப் பாருங்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும், இருபாலரும் சேர்ந்து போட்டியிட்ட ஸ்கீட் பிரிவில் சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண் தங்கம் வென்றார். 1996 அட்லாண்டாவில் அந்தப் பிரிவு ஆண்களுக்கு மட்டும் என்றாகி, பெண்களுக்கு அதில் இடமே இல்லாமல் போயிற்று. அவர்களுக்கான தனிப் பிரிவு 2000இல்தான் வந்தது. வலிமை தீர்மானிக்காத ஒரு விளையாட்டில் பிரிவினை இப்படியும் வேலை செய்யும். 

மின்விளையாட்டு எந்தப் பக்கம் சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எளிய எதிர்வினை வேகச் சோதனைகளில் ஆண்களின் சராசரி சற்று முன்னே நிற்பது உண்மையே. ஆனால் அந்த இடைவெளி மிகச் சிறியது, இரு பாலரின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. மொபைல் லெஜண்ட்ஸ் போன்ற ஐவர் ஆட்டத்தில் வெற்றியைத் தருவது வரைபடத்தைப் படிப்பது, காட்டுப் பகுதியில் திரிந்து பலம் சேர்த்துத் தாக்கும் எதிரணி ஜங்கிளர் எங்கே இருப்பான் என்று ஊகிப்பது, லார்ட் என்ற பெரிய அரக்கனை எப்போது வீழ்த்துவது என்று ஐந்து பேரும் ஒரே நொடியில் முடிவெடுப்பது ஆகியவைதாம்.

அப்படியானால் உச்சத்தில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி உடனே எழும். அதற்கு விடையின் ஒரு பகுதி வெறும் எண்ணிக்கை. ஜெர்மனியின் சதுரங்கத் தரவரிசையை ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, முன்னணியில் உள்ள நூறு ஆண்களுக்கும் நூறு பெண்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் 96 விழுக்காட்டை, ஆடுவோரின் எண்ணிக்கை வேறுபாடே விளக்கிவிடுகிறது என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கீட்டு முறையைப் பின்னர் சிலர் மறுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினி ஆட்டங்களிலேயே செய்த ஓர் ஆய்வும் உண்டு. பல்லாயிரம் பேர் சேர்ந்தாடும் இரண்டு இயங்கலை ஆட்டங்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டு 2016இல் வெளியான அந்த ஆய்வு, ஆடிய நேரத்தையும் பிற காரணிகளையும் சமன்படுத்திப் பார்த்தால் பெண்களும் ஆண்களுக்கு இணையான வேகத்தில்தான் முன்னேறுகிறார்கள் என்று கண்டது. ஆகவே ஆராய வேண்டியது, அந்த நேரத்தைப் பெண்களால் ஏன் செலவிட முடியவில்லை என்பதைத்தான்.

ஒரு காரணம், ஆடும்போது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் மைக். ஹாலோ 3 என்ற சுடும் ஆட்டத்தில், ஒரே வாக்கியங்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் முன்கூட்டியே பதிவு செய்து ஒலிக்கவிட்டுச் செய்யப்பட்ட ஆய்வு 2013இல் அச்சில் வந்தது. பெண் குரலுக்கு வந்த வசைகள் ஆண் குரலுக்கு வந்தவற்றைப் போல மூன்று மடங்கு. அந்தத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2015இல் வெளிவந்த கட்டுரை இன்னும் சுவையானது: பெண் குரலிடம் மோசமாக நடந்துகொண்டவர்கள் பெரும்பாலும் திறன் குறைந்த ஆட்டக்காரர்கள், நன்றாக ஆடியவர்கள் அவ்வளவாக அப்படிச் செய்யவில்லை. தொடக்க நிலையில் இருக்கும் ஒரு பெண் சந்திப்பது தொடக்க நிலை ஆண்களைத்தானே. கற்றுக்கொள்ள வேண்டிய காலத்திலேயே அவள் மைக்கை அணைத்துவிடுகிறாள். மைக் இல்லாமல் ஐவர் ஆட்டத்தை ஓர் எல்லைக்கு மேல் கற்க முடியாது. நம் ஊரில் இதற்கு முந்தைய தலைமுறைக்கு வேறொரு தடையும் இருந்தது. பள்ளி விட்டதும் பையன்கள் புகை மண்டிய சைபர் கஃபேக்களில் டோட்டா பழகியபோது, நம் வீடுகளிலிருந்து பெண் பிள்ளைகளை அங்கே அனுப்பியவர் யார்? 2016இல் மொபைல் லெஜண்ட்ஸ் வந்தபின் ஆட்டம் கைப்பேசிக்கு மாறியது. தென்கிழக்காசியாவில் பெண் ஆட்டக்காரர்கள் இவ்வளவு பேர் திரண்டதற்கு அது பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது எளிதில் தென்படாது. கலப்புக் குழுவில் பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும், மற்றவர்களுக்குத் துணையாகச் சுற்றிவரும் ரோமர்தான், அதிலும் ஏஞ்சலா, ரஃபேலா போன்ற துணைப் பாத்திரங்கள்தான். ஏஞ்சலாவின் இறுதித் திறனே இன்னொருவனோடு ஒட்டிக்கொண்டு அவனைக் காப்பாற்றுவது. ரோமர் மட்டமான இடம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ரோமர்தான் பல குழுக்களுக்குத் தலைவர். ஆனால் விருப்பத்தால் அங்கே வருவது வேறு, வேறு இடம் கொடுக்காததால் அங்கே நிற்பது வேறு. ஜங்கிளராகவோ, தங்கம் சேர்த்து வலுப்பெறும் கோல்ட் லேன் பாதையிலோ ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடியிருந்தால்தான் அந்த இடத்தின் கணக்கு கைவரும். பையன்கள் நான்கு பேர் இருக்கும் குழுவில், ஜங்கிளரைப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஒதுங்க யாருக்கும் மனம் வருவதில்லை. பெண்கள் மட்டும் ஆடும் போட்டியில் ஐந்து பெண்களில் ஒருத்தி ஜங்கிளராகத்தான் வேண்டும், ஒருத்தி ‘இப்போது அடி, இப்போது பின்வாங்கு’ என்று குரல் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெண்கள் பிரிவுக்கு ஆதரவாக நான் காணும் மிக வலுவான வாதம் இதுவே.

2019இல் ரஷ்யாவில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். வேவிக்டிஸ் என்ற நிறுவனம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் ரஷ்ய முதல்தரச் சங்கப் போட்டியில் ஐந்து பெண்களைக் கொண்ட குழுவை இறக்கியது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வோர் அணியும் ஐந்து பாத்திரங்களை யாரும் எடுக்காதபடி தடை செய்யலாம்; எதிரணி ஒன்று தனக்குரிய ஐந்து தடைகளையும் துணைப் பாத்திரங்களுக்கே பயன்படுத்தியது. பெண்களுக்கு வேறெதுவும் ஆடத் தெரியாது என்ற ஏளனம் அது. ஆட்டத்தை நடத்தும் ரயட் நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. ஆனால் ஏளனம் செய்தவர்களை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அந்தக் குழு முதல்தர மேடைக்குத் தயாராக இல்லாமலே இறக்கப்பட்டது. தோல்விமேல் தோல்வி கண்டு, அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தின் இடமே பறிக்கப்பட்டது. விளம்பரத்துக்காக ஐந்து பெண்களை மேடையேற்றி, அவர்களுக்குக் கீழே படிக்கட்டே கட்டாமல் விட்டதன் விளைவு.

படிக்கட்டு என்று நான் சொல்வது பெரும்பாலும் ஸ்க்ரிம் எனப்படும் பயிற்சி ஆட்டங்களைத்தான். யார் யாரோடு ஸ்க்ரிம் ஆடுவது என்பது புலனக் குழுக்களிலும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியிலும், தெரிந்தவர் மூலமாகவே முடிவாகிறது. தன்னைவிட வலுவான குழுவோடு வாரந்தோறும் மோதுகிற குழு முன்னேறுகிறது. பெண்கள் குழு பெண்கள் குழுக்களோடு மட்டுமே மோதிக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் தேங்கிவிடுகிறது. பெண்கள் பிரிவின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. அது பழகுமிடமாக இல்லாமல் தங்குமிடமாகிவிடக்கூடும், அங்கே பணமும் குறைவு. 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கிண்ணத்தில் நம் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் மொபைல் லெஜண்ட்ஸ் பட்டத்தை வென்றபோது அந்தப் போட்டியின் மொத்தப் பரிசு 30 இலட்சம் அமெரிக்க டாலர். அதே விழாவில், அதே ஆட்டத்தில், பிலிப்பீன்ஸின் ஒமேகா எம்ப்ரெஸ் வென்ற மகளிர் போட்டியின் மொத்தப் பரிசு 5 இலட்சம் டாலர். மகளிர் மின்விளையாட்டு வரலாற்றில் அதுவே பெரிய தொகைதான் என்பது வேறு விஷயம். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் ஆட்டத்தில் 2022 முதல் நடந்துவந்த ஈ.எஸ்.எல். இம்பேக்ட் என்ற மகளிர் சுற்றோ, வருமானம் கட்டுப்படியாகவில்லை என்று 2025இல் எட்டாவது பருவத்தோடு முடித்துக்கொள்ளப்பட்டது. ஒரு நிறுவனத்தின் தயவில் நிற்கும் பிரிவு அந்த நிறுவனம் மனம் மாறினால் சரிந்துவிடும். பொதுப் பிரிவில் வேர் பிடித்தவர்களுக்கு அந்த ஆபத்து அவ்வளவு இல்லை.

வேலோரண்ட் என்ற சுடும் ஆட்டத்துக்காக ரயட் 2021இல் தொடங்கிய கேம் சேஞ்சர்ஸ் என்ற மகளிர் போட்டித் தொடர் இந்த விஷயத்தில் ஓரளவு சரியாகச் சிந்தித்து அமைக்கப்பட்டது. அதில் ஆடுபவர் பொதுப் போட்டிகளிலும் ஆடத் தடையில்லை. 2022இல் பெர்லினில் அதன் முதல் உலகப் போட்டியை ஜி2 கோசன் வென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஷாப்பிஃபை ரெபெலியன் வென்றது. அந்தக் குழுவிலிருந்து ஒருவர் 2025 பருவத்துக்கு ஐரோப்பாவின் முதன்மைச் சங்கப் போட்டியில் ஆடும் குழுவுக்குப் போனார். யார் ஆடலாம் என்ற கேள்விக்கும் அது விரிந்த விடையைத் தருகிறது: பெண்களோடு திருநங்கையரும் பால் அடையாளத்தால் ஒதுக்கப்பட்ட பிறரும் அதில் ஆடலாம். நம் நாட்டில் பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்பார்கள், அதன் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதே ஆண், பெண் என்பதைத் தீர்த்துவிடும். பெண்கள் பிரிவு இருக்கும்வரை இந்தச் சிக்கலும் இருக்கும். பொதுப் பிரிவு திறந்திருந்தால் மட்டுமே அந்த எண்ணால் எவரும் முற்றிலும் வெளியேற்றப்படாமல் இருப்பார்கள். 2018 பிப்ரவரியில் தென்கொரியாவில், பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியை வென்ற கனடாவின் ஸ்கார்லெட் ஒரு திருநங்கை. அது பொதுப் பிரிவு. கொரியர்கள் ஆண்டுவந்த ஆட்டத்தில், முன்னாள் உலக வெற்றியாளர் ஒருவரை அவர் இறுதியாட்டத்தில் 4-1 என்று வீழ்த்தினார்.

அப்படி மேலே வந்தவர்கள் பட்ட பாட்டையும் உங்கள் மகள் தெரிந்துகொள்வது நல்லது. கொரியாவின் கெகுரி, ஓவர்வாட்ச் என்ற சுடும் ஆட்டத்தின் ஆட்டக்காரர், 2016இல் பதின்ம வயதில் இருந்தபோது, குறி தவறாமல் சுடுகிறார் என்பதற்காகவே மோசடி மென்பொருள் பயன்படுத்துகிறார் என்று எதிரணி ஆட்டக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள். ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனம் அவரிடம் தவறில்லை என்றது. அவரும் நேரலையில், கையும் திரையும் தெரிய ஆடிக்காட்டினார். குற்றம் சாட்டியவர்கள் விலகினார்கள். 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் குழுவில் சேர்ந்து ஓவர்வாட்ச் லீக்கின் முதல் பெண் ஆட்டக்காரரானார். 2014இல் ஆண்களுக்கு மட்டும் என்று எழுதிவைத்த அதே ஹார்த்ஸ்டோனில், 2019 உலக இறுதிப் போட்டியில் சீனாவின் லியூன் என்ற பெண் 3-0 என்று வென்று 2 இலட்சம் டாலர் பரிசு பெற்றார்.

இனி உங்கள் மகளுக்கு. அம்மா, பெண்கள் பிரிவு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ‘ஆண்கள்’ என்ற பிரிவைப் ‘பொது’ என்று மாற்றும்படி கேளுங்கள். இதை ஏற்பாட்டாளருக்கு எழுத்தில், ஆசிரியர் ஒருவரின் கையெழுத்தோடு, பதிவு முடிவதற்கு முன்பே அனுப்புவது நல்லது. போட்டி நாளில் மேசைமுன் நின்று வாதாடினால் நடுவர்களால் எதுவும் செய்ய முடியாது, விதிப் புத்தகம் அதற்குள் அச்சாகியிருக்கும். ஏற்பாட்டாளர் பெரும்பாலும் வேறொரு போட்டியின் விதிகளைப் பார்த்துப் படியெடுத்திருப்பார், கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. கேட்டதும் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் இரு பிரிவிலும் ஆடலாமா, ஆட்ட நேரங்கள் மோதுமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இரண்டிலும் ஆட அனுமதி உண்டு என்று எழுதிவிட்டு, இரண்டையும் ஒரே மணிக்கு வைப்பது அடிக்கடி நடக்கிறது.

அவள் பெண்கள் குழு ஒன்றிலும் சேரட்டும்; அங்கே ஜங்கிளராகவோ, குரல் கொடுப்பவளாகவோ ஆட வாய்ப்புக் கிடைக்கிறதா என்று பாருங்கள். தோழர்களோடு ஆடும் குழுவை விட வேண்டாம். பயிற்சிக்குச் சொந்தக் குழுவினர் மட்டும் பேசும் தனி அழைப்பைப் பயன்படுத்தினால், ஆட்டத்தின் பொது மைக்கை அணைத்துவிட்டும் பேசிப் பழகலாம். வசைபாடுபவரின் பேச்சைத் திரைப்பிடிப்பாக எடுத்துப் புகாரளிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போட்டி இரவு நெடுநேரம் இழுத்தால் எப்போது முடியும், சிறார்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பேரங்காடிப் போட்டிகள் சொன்ன நேரத்தில் முடிவது அரிது, அரையிறுதிக்கு முன்பே பெற்றோர் வந்து பெண் பிள்ளையை அழைத்துப் போய்விட்டதால் நான்கு பேரோடு தோற்ற குழுக்களும் உண்டு.